தானாக ஆறிய புண்

குழந்தையை அங்கமுத்து கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தீப்பெட்டி தேடி உள்ளே போனபோது. தூளியில் இல்லை, தரையில் கிடந்தது. தூளியில் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று ருக்குமணி பழைய சேலையை நாலாக மடித்துப் பாயில் விரித்திருந்தாள். பத்தொன்பது நாள் குழந்தைக்கு எழுபது வயதுக் கிழவனின் முகம். நெற்றியில் சுருக்கம், கன்னத்தில் சதை இல்லை, மூக்கு இரண்டு பக்கமும் அடைத்து, ரத்தம் கலந்த சளி உதட்டுக்கு மேல் காய்ந்திருந்தது. பால் குடித்தால் மூச்சுவிட முடியாது, மூச்சுவிட்டால் குடிக்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் அதனால் செய்ய முடிந்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் வெந்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி உரிந்து சிவந்திருந்தன. தீப்பெட்டி அடுப்புமேடையில் இருந்தது. குழந்தையைத் தாண்டித்தான் போய் எடுத்தான். தாண்டும்போது குனிந்து பார்த்தான். அது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. டீக்கடையில் பீடியைப் பாதி இழுத்திருப்பான், வீட்டுப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. தாண்டினோமே, சின்னக் குழந்தையைத் தாண்டக் கூடாது என்பார்களே, தாண்டியதால்தான் போனதோ என்று இரண்டு வருஷமாக அவனுக்குள் ஒரு மூலையில் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த உறுத்தலுக்கு இன்றைக்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் விடை கிடைத்துவிட்டது. தாண்டியதால் போகவில்லை. அந்த அளவுக்குச் சின்னத் தப்பாக இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் இருபத்தேழாம் நம்பர் அறைக்கு வெளியே ஆண்கள் பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். சுவர்க் கடிகாரத்தில் பத்து பன்னிரண்டு. வலது கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தான். முன்கையின் உள்பக்கத்தில் கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு புடைப்பு, அதைச் சுற்றி நீலப் பேனாவில் ஒரு வட்டம். சிஸ்டர் போட்ட வட்டம். இடது கையில்தான் போட வந்தாள். போர்வெல் வண்டியின் கம்ப்ரசர் குழாய் பட்டு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்த தழும்பைப் பார்த்ததும், "இதுல செவந்தா எப்படிக் கண்டுபுடிக்கறது? அந்தக் கையக் காட்டு" என்று வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். "இது பெரிய ஊசி இல்ல, ஒத்துக்குதான்னு பாக்கற ஊசி. அரை மணி நேரம் கைய ஆட்டாம வெச்சிரு. சொறியாத. வட்டத்துக்கு வெளிய செவந்து தடிச்சுதுன்னாச் சொல்லு. நெஞ்சு படபடன்னாலும் சொல்லு. சும்மா வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்காத, செல பேருக்கு உசுரே போயிரும்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல. நெஞ்சு படபடவென்றுதான் இருந்தது. ஊசியாலா வேறெதனாலா என்று பிரித்துச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. நடைபாதைக்கு எதிர்ப்பக்கம் பெண்கள் பெஞ்சில் ருக்குமணி இருந்தாள். ஐந்து மாத வயிற்றின்மேல் இடது கையை அதேபோல் மல்லாத்தி வைத்திருந்தாள். அவளுக்கும் அதே நீல வட்டம். இரண்டு பேரையும் ஒரே பேனாவால் குறி போட்டிருந்தார்கள், சந்தைக்குப் போகிற ஆட்டுக்கு மைக்குறி போடுவதுபோல. ரத்தத்தில் ஏதோ கிருமி இருக்கிறது, புருஷனையும் கூட்டி வா என்று ஐந்தாம் மாத ரத்தப் பரிசோதனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கிருமிக்குப் பேர் மேகநோய் என்பதும், அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதும், டாக்டரம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னது. "உன் சம்சாரத்துக்கு நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா? அரை மணி நேரம் டைம் இருக்கு. ஊசி போடறதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியணும். எதுக்குப் போடறோம்னு தெரியாம நான் யாருக்கும் போடறதில்ல."

அரை மணி நேரம். இரண்டு நிமிடம் போய்விட்டது. தானா ஆறிடும். டாக்டரம்மா சொன்னதில் எல்லாம் கரைந்து போய் அந்த ஒரு சொல் மட்டும் நட்டுக்கொண்டு நின்றது, போர்க்குழியில் ஐந்நூறு அடியில் பாறையில் சிக்கிய ராடு மாதிரி, மேலே இழுத்தாலும் வராது, கீழே விட்டாலும் போகாது. எப்பவாவது அந்த இடத்துல புண்ணு வந்திருக்கா என்று கேட்டாள். ஐம்பது வயதுப் பொம்பளை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். வந்துதுங், மூணு மூணரை வருஷம் இருக்கும், ஒரே ஒரு புண்ணு. வலிச்சுதா? இல்லீங். அதுதான், இது வலிக்காது. என்ன பண்ணுன? வைத்தியம் பண்ணுனனுங், ஆறிப்போச்சு. என்ன வைத்தியம் என்று அவள் கேட்டதற்கு அவன் சொன்னதும் துடைத்த கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டாள். சிரிப்பாளோ என்று பார்த்தான். சிரிக்கவில்லை. "அது நீ ஒண்ணும் பண்ணாம இருந்திருந்தாலும் தானா ஆறிடும்பா. மூணு வாரம், ஆறு வாரம், தானா ஆறிடும். ஆறிட்டு ரத்தத்துக்குள்ள எறங்கிடும். அப்பறம் கையிலயும் கால்லயும் பொட்டுப் பொட்டா வரும், அதுவும் தானா மறையும். மறைஞ்சா நல்லாயிட்டோம்னு எல்லாரும் நெனச்சுக்குவாங்க." தானா ஆறிடும். அப்படியென்றால் அந்த டீசல்?

டீசல்தான். வடக்கே போர்வெல் போட்டுக்கொண்டிருந்த காலம், மாசி மாதம், மத்தியப் பிரதேசத்தில் கருங்கல் பாறைக் காடு. ரிக் வண்டியில் அவன் டிரில்லர், கூட எட்டுப் பேர். பகலெல்லாம் சுத்தியல் பாறையைக் குத்துகிற சத்தம், காதுக்குள் அல்ல, பல்லுக்குள் கேட்கும். வெள்ளை மாவு பீச்சியடித்து ஆட்கள் எல்லாம் பிணத்துக்குச் சாம்பல் பூசினதுபோல ஆகிவிடுவார்கள். ஆறு மாதம் வீட்டு முகம் பார்க்காதவர்கள். ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, வாசலில் சிவப்புத் துணி. அந்தப் பெண்ணின் முகம் இப்போது நினைவில்லை. அவள் கையில் மருதாணி பாதி அழிந்திருந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது. மூன்று வாரம் கழித்து ஒரு புண். வலிக்காத புண்ணைக் கண்டு பயந்தவன் அவனாகத்தான் இருப்பான், வலித்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டான். டாக்டரிடம் போகலாம் என்றால் பாஷை தெரியாது, தெரிந்தாலும் எந்த வாயால் சொல்வது. பழைய ஆள் ஒருத்தன் சொன்னான், என்ஜினுக்குள்ள எந்தப் பூச்சியாவது உசுரோட இருக்குதா பாரு, டீசல் பட்ட எடத்துல ஒண்ணும் நிக்காது என்று. காலையில் வண்டிக்கு டீசல் ஊற்றுகிற நேரம்தான் வைத்திய நேரம். வண்டிக்குப் பின்னால் அவனைச் சக்கரத்தோடு சாய்த்து இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்வார்கள், வாயில் துண்டைச் சுருட்டிக் கொடுப்பார்கள், மூன்றாவது ஆள் டம்ளரில் ஊற்றுவான். வலிக்காத புண்ணை வலிக்க வைத்தார்கள். தோல் வெந்து உரிந்தது. மூத்திரம் போகும்போது வண்டியின் படியைப் பிடித்துக்கொண்டு தலையை இரும்பில் முட்டுவான். கத்திரிக்காய் கூடாது, கோழி கூடாது என்று பத்தியம் வேறு. இருபத்திரண்டு நாள். இருபத்திரண்டாம் நாள் புண் இருந்த இடமே தெரியவில்லை. மேனேஜர் பொட்டலம் பொட்டலமாக ஜிலேபி வாங்கிக் கொடுத்தான். அன்றைக்கு வண்டியில் அவனுக்குப் பேர் மாறிவிட்டது.

டாக்டரு. "டாக்டரு, என்ற அக்குள்ல ஒரு கட்டி வந்திருக்குது, டீசலா கிரீஸா?" என்பான் சமையல்காரன். "அதுக்கு ஹைட்ராலிக் ஆயில்டா" என்பான் இவன். சிரிப்பு. ஆனால் நிஜமாகவே புண்ணோடு வந்தவர்களும் இருந்தார்கள். அடுத்த வண்டியிலிருந்து, அதற்கடுத்த வண்டியிலிருந்து, தலையைக் குனிந்துகொண்டு, "டாக்டரண்ணா, கொஞ்சம் வாங்களேன்" என்று. அவனே டம்ளரைப் பிடித்தான். பத்தியமும் அவனே சொன்னான். கத்தினால், கத்து மாப்ள, கத்தறப்பதா கிருமி சாவும் என்று தைரியம் சொன்னான். எல்லாருக்கும் ஆறியது. தானா ஆறிடும். எல்லாருக்கும் தானாக ஆறியதற்கு அவன் பேர் வாங்கிக்கொண்டான். எத்தனை பேர்? எண்ண விரலை மடக்கப் போனான், சிஸ்டர் கையை ஆட்டாதே என்றது ஞாபகம் வந்தது, விரலை மடக்காமலே மனசுக்குள் மடக்கினான். குப்பணன், ராசிபுரத்துக்காரன், மீசை வெச்ச ஒருத்தன், சங்ககிரிப் பையன் கல்யாணத்துக்கு முந்தின மாசம் வந்தவன். ஏழு. ஏழு பேரும் ஆனி மாதம் மழைக்கு வண்டி நின்றதும் அவனைப் போலவே ஊருக்கு வந்திருப்பார்கள், கதவைத் தட்டியிருப்பார்கள், வீட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டு கதவைத் திறந்திருப்பார்கள். அவன் வந்தபோது ருக்குமணியும் சிரித்துக்கொண்டுதான் திறந்தாள். அவன் உள்ளங்கையில் செம்புக்காசு மாதிரிப் பொட்டுப் பொட்டாக இருந்ததைப் பார்த்துவிட்டு, என்னங் இது என்றாள். டீசல் அலர்ஜி என்றான். தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து உள்ளங்கையை அவளே தேய்த்துவிட்டாள், ஒவ்வொரு பொட்டாக. உள்ளங்கை. குழந்தையின் உள்ளங்கை. ஒரே இடம். ஒரே இடத்தில் வந்ததை இரண்டு வருஷமாகப் பார்க்காமல் இருந்திருக்கிறான். பத்து பத்தொன்பது.

"மொத ஊசியா தம்பி?" பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஆள் நகர்ந்து உட்கார்ந்தான். முட்டை வண்டி ஓட்டுகிறவன், பேர் வையாபுரி, மூன்றாவது ஊசிக்கு வந்தவன். வந்ததிலிருந்து யாரிடமாவது பேச ஆள் தேடிக்கொண்டிருந்தான். "ஆமாங்." "பயப்படாத. பின்னாடி ரெண்டு பக்கமும் போடுவாங்க. கஞ்சியாட்டக் கெட்டியா இருக்கும் மருந்து, எறங்கறதுக்குள்ள நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் வந்து பாத்துட்டுப் போவாங்க. வீட்டுக்கு பஸ்ஸுல நின்னுட்டுத்தா போகோணும். கண்டக்டர் எடம் இருக்குது உக்காரய்யாங்கறான், நா எங்கத்த உக்கார்றது." அவனே சிரித்துக்கொண்டான். எதிர் பெஞ்சைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "ஊட்டுக்காரம்மாவா? சொல்லீட்டியா?" அங்கமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "சொல்லிராத. நா சக்கரைக்கு ஊசின்னு சொல்லித்தா கூட்டியாந்து போட்டன். இந்த டாக்டரம்மா சொல்லியே ஆகோணும்னு நிக்கும். நீ சொல்லீட்டன்னு சொல்லீரு, அது என்ன சத்தியம் பண்ணச் சொல்லியா கேக்கப் போவுது? ஊசி எறங்குனாப் போதும், நோவு போயிரும். பேரு தெரிஞ்சாத்தான் நோவு போகுமா?" அவன் முகத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் என்று அங்கமுத்துவுக்கு இருந்தது. மூக்கு உடைந்து ரத்தம் சட்டையில் கொட்ட வேண்டும், முட்டை உடைகிற சத்தம் கேட்க வேண்டும். அடிக்கிற அளவுக்கு அவன் என்ன சொல்லிவிட்டான். இவன் மனசு பத்து பன்னிரண்டிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் அவன் வாயால் சொன்னான். அடிப்பதானாலும் எந்தக் கையால்? வலது கை மடியில் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. சிஸ்டர் தெரியாமலே சரியான கையைத்தான் பிடித்திருக்கிறாள்.

சொன்னால் என்ன ஆகும். சொன்னால் அவள் கோபித்துக்கொண்டு பெத்தவள் வீட்டுக்குப் போய்விடுவாள். போனால் ஊசி தவறும். வாரம் ஒன்று, மூன்று வாரம், இடையில் ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். தவறினால் வயிற்றில் இருப்பதும் கிழவன் முகத்தோடு வரும். ஆகையால் சொல்லாமல் இருப்பதுதான் குழந்தைக்கு நல்லது. பார், எவ்வளவு நியாயமாக வருகிறது. குழந்தைக்காகத்தான், தனக்காக இல்லை. சர்க்கரை ஊசி, சத்து ஊசி, என்னவோ ஒரு ஊசி. ஆனால் அம்மா? அடுத்த புதன்கிழமை ருக்குமணி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் அம்மா வாசலை மறிப்பாள். போன தடவையும் அதுதானே நடந்தது. ரத்தம் எடுக்கோணும்னு ஐந்தாம் மாதம் நர்ஸம்மா சொன்னதற்கு, "இருக்கற ரத்தமே உள்ளிருக்கறதுக்குப் பத்தல, இவங்களுக்கு வேற குடுக்கோணுமா" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இவன் அப்போது வடக்கே டம்ளர் பிடித்துக்கொண்டிருந்தான். இந்த முறை ஐந்து மாதத்தில் மூன்று ஊசி என்றால் விடுவாளா? கூட இருந்து கூட்டிப் போகலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை வண்டி கிளம்புகிறது. இரண்டாவது ஊசியும் மூன்றாவது ஊசியும் அவள் தனியாகத்தான் வந்தாக வேண்டும். எதற்கு என்று தெரியாதவள் மாமியாரைத் தாண்டி எப்படி வருவாள்? தாண்டுவதற்கு அவளுக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் இவன் வாய்க்குள் இருக்கிறது. சொன்னாலும் ஊசி தவறும், சொல்லாவிட்டாலும் ஊசி தவறும். மண்டைக்குள் சுத்தியல் அதே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது, ஒரு அடிகூட இறங்கவில்லை. நெஞ்சு படபடவென்றது. வட்டத்தைப் பார்த்தான். வட்டத்துக்குள் எல்லாம் அப்படியே இருந்தது. செவந்து தடித்து வட்டத்துக்கு வெளியே வரட்டும், மூச்சு முட்டட்டும், பெஞ்சிலிருந்து கீழே விழட்டும், டாக்டரம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு அவளிடம் சொல்லட்டும், அப்போது இவனுக்கு வாய் இருக்காது. குழந்தைக்கு எப்படி மூச்சு முட்டியதோ அப்படி. அதையும் கேட்டுப் பார்த்தான், யாரிடம் கேட்டான் என்று தெரியாது. ஊசி ஒத்துக்கொண்டது. பத்து இருபத்தெட்டு.

ருக்குமணி கையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள். சொன்னதைச் செய்கிறவள். முதுகை நேராக வைத்து, போட்டோவுக்கு உட்கார்ந்தவள் மாதிரி. பக்கத்தில் இருந்த பெண் ஏதோ கேட்க, அவள் உதட்டைத் திறக்காமல் சிரித்தாள். உதட்டைத் திறக்காமல்தான் இப்போதெல்லாம் சிரிக்கிறாள். குழந்தையைப் புதைத்த மூன்றாம் நாள். அவன் குடித்திருக்கவில்லை; குடிக்காமல்தான் அடித்தான். அம்மா கோழிக்குத் தவிடு கரைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "நம்ம வம்சத்துல இப்படி ஒரு கொழந்த பொறந்ததில்ல. அவ வயித்துக்குள்ள என்ன எழவு இருக்குதோ. எந்தப் பக்கம் போயி எதத் தொட்டாளோ, நீ வருஷத்துல எட்டு மாசம் ஊர்ல இல்ல." அவ்வளவுதான். அந்த வார்த்தை காதில் விழுந்து உள்ளே இறங்கி, கீழே ஏற்கெனவே ஒரு பள்ளம் இருந்ததுபோல அதில் போய் உட்கார்ந்தது. அவன் பின்கட்டுக்குப் போனான். ருக்குமணி முருங்கை மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்து மார்பிலிருந்து பாலை மண்ணில் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். கட்டிக்கொண்டு வலித்திருக்கும். வெள்ளையாக விழுந்ததை மண் உடனே உறிஞ்சிக்கொண்டது. எவன்கிட்டப் போன என்று கேட்டான். அவள் நிமிர்ந்து பார்த்தாள், கேள்வி அவளுக்குப் புரியவில்லை. புரியாத முகத்தில்தான் அடித்தான். வலது புறங்கையால். ராடு திருகுகிற கை. முதல் அடியில் அவள் மரத்தில் மோதினாள், இரண்டாவது அடியில் வாய் கிழிந்தது, மூன்றாவதில் துவைகல்மேல் டக்கென்று ஒரு சத்தம், சின்ன சத்தம், ஒரு கூழாங்கல் விழுந்தால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு. அதைக் கேட்டபிறகும் அடித்தான். எத்தனை என்று தெரியாது. நாலாவதா, ஆறாவதா. எவன்கிட்டப் போன, எவன்கிட்டப் போன. அவள் ரவிக்கையின் முன்பக்கத்தில் பாலும் ரத்தமும் கலந்து ஓடின. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. கடைசியில் இவனுக்குத்தான் கை வலித்தது. எவன்கிட்டப் போன என்று கேட்டானே, அந்தக் கேள்விக்கு விடை அந்த முருங்கை மரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தது, கையை ஓங்கிக்கொண்டு.

கடிகாரத்தைப் பிடுங்கித் தரையில் அடிக்கலாம். இந்தக் கையைக் கொண்டுபோய்ச் சுழல்கிற ராடுக்கு நடுவில் கொடுக்கலாம்; ஒரு ஆள் கொடுத்ததைப் பார்த்திருக்கிறான், தோள் வரைக்கும் முறுக்கி எடுத்துக்கொண்டு போயிற்று, துணி பிழிவதுபோல. பிழிந்தால் அதிலிருந்து என்ன வரும்? கிருமி வரும். இந்தக் கிருமி எப்படி இருக்கும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, திருகு மாதிரி இருக்கும் என்றாள். திருகு. பாறையைத் துளைக்கிறது மாதிரித் துளைத்துக்கொண்டு போகும் என்று இவனுக்காகச் சொன்னாளா, நிஜமாகவே அப்படியா. நீ போர் போடறவன்தானே, தொப்புள்கொடி வழியா எறங்கிடும்பா என்றாள். எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது. அவள் முகத்தைப் புரியாமல் வைத்துக்கொண்டு பார்த்தாளே, இப்போதும் அப்படியேதான் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு வருஷமாகத் தன் வயிற்றில்தான் என்னவோ இருக்கிறது என்று நம்பிக்கொண்டு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்டிக்கொண்டு. இந்தக் கர்ப்பம் தங்கியபோது முதல் வார்த்தையாக இவனிடம், "இந்தவாட்டி நா சுத்தமா இருக்கறனுங்" என்று சொன்னாள். அவளிடமே பழியைக் கொடுத்து அவளே சுமந்துகொண்டு வர, அதை வாங்கி வைக்கக் கூட இவன் கை நீட்டவில்லை. "எந்திரிக்காத தம்பி, இன்னும் எட்டு நிமிசம் இருக்குது" என்றான் வையாபுரி. அப்போதுதான் எழுந்து நிற்பதே அங்கமுத்துவுக்குத் தெரிந்தது. "என்னத்துக்குப் போற? சொன்னாக் கேளு. சக்கரைன்னு சொல்லு." இவன் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடைபாதையைக் கடந்தான். ஏழு எட்டு அடி இருக்கும்.

பெண்கள் பெஞ்சில் உட்காரக் கூடாது. முன்னால் போய் நின்றான்.

"எரியுதுங்களா?" என்று அவள் அவன் கையைப் பார்த்துக் கேட்டாள்.

"இல்ல. உனக்கு?"

"போடறப்பக் கொஞ்சம் கடுகடுன்னுது. இப்ப இல்லீங். உக்காருங்களேன், நின்னுட்டு."

"ருக்கு. இது என்னாலதான்."

"எதுங்?"

"இந்தக் கிருமி. வடக்க இருந்தப்ப ஒரு பொம்பளைகிட்டப் போனேன். அங்க புடிச்சுது. ஆறிப்போச்சுன்னு நெனச்சு ஊருக்கு வந்தன். ஆறல. எங்கிட்டயிருந்து உனக்கு வந்துது, உங்கிட்டயிருந்து கொழந்தைக்குப் போயிருச்சு. உன்ற வயித்துல ஒண்ணுமில்ல. உன்ற மேல ஒரு தப்பும் இல்ல."

பக்கத்தில் இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ருக்குமணி தன் கையிலிருந்த வட்டத்தையே பார்த்தாள்.

"கொழந்தைக்குன்னா, இதுக்கா, அதுக்கா?"

"அதுக்கு."

"இதுக்கு?"

"இப்ப ஊசி போட்டா இது தப்பிச்சுக்கும்னு டாக்டரம்மா சொல்லுது. மூணு வாரம் ஒண்ணுகூடத் தவறக் கூடாது."

"அப்பவே போட்டிருந்தா?" அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "அதும் பொழச்சிருக்குமா?"

தெரியாது என்று சொல்லலாம். அது கடவுள் விட்ட வழி என்று சொல்லலாம். சொல்வதற்கு நூறு இருந்தன.

"பொழச்சிருக்கும்."

அவள் எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழுந்தாள், தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி. அவன் வாயில் அடித்தாள். முதல் அடிக்கு அவன் தலை திரும்பியது, இரண்டாவது அடிக்கு உதடு பல்லில் கிழிந்தது, மூன்றாவது அடியில் அவளுக்கே கால் தடுமாறி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே அடித்தாள். அவன் கையைத் தூக்கவில்லை. நடைபாதை முழுக்க அசையாமல் நின்றது. அறைக்குள்ளிருந்து சிஸ்டர் எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, அடிக்கறதுன்னா அந்தக் கையில மட்டும் அடி. டெஸ்டு போட்ட கைய ஆட்டாத. இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குது."

ருக்குமணி இடது கையைத் திரும்ப வயிற்றின்மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. உட்கார்ந்தாள். அவன் உதட்டிலிருந்து ரத்தம் சட்டைப் பொத்தானில் சொட்டியது; அவள் அதைப் பார்த்தாள், துடைத்துவிட வரவில்லை.

"அத்தைகிட்ட நீங்க சொல்லோணும்" என்றாள். "நா சொல்ல மாட்டேன். இன்னிக்கே சொல்லோணும், நா அங்க நிக்கறப்பச் சொல்லோணும். எங்கிட்டச் சொன்னாப்பலயே, ஒண்ணும் விடாம."

"சொல்றேன்."

"அடுத்த வாரம் நீங்க இருந்தாலும் இல்லீன்னாலும் நா வருவேன். கதவ அடச்சாலும் வருவேன்."

"நா வண்டிக்குப் போகல. ரெண்டு பேருந்தா வருவோம். ஏழு பேரத் தேடிப் புடிச்சுச் சொல்ல வேண்டியிருக்குது."

யார் ஏழு பேர் என்று அவள் கேட்கவில்லை. அதைக் கேட்க அவளிடம் அப்போது இடமில்லை.

பத்து நாற்பத்திரண்டுக்கு சிஸ்டர் இரண்டு கையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வட்டத்துக்குள் புடைப்பு அமுங்கிப்போயிருந்தது, வெளியே சிவப்பு இல்லை. "ரெண்டு பேருக்கும் ஒத்துக்குது" என்றாள். டாக்டரம்மா அவன் உதட்டைப் பார்த்தாள், பிறகு ருக்குமணியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். வையாபுரி சொன்னது சரிதான், கஞ்சி மாதிரிக் கெட்டி மருந்து, தடித்த ஊசி, இறங்க இறங்க இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினதுபோல இருந்தது. இப்படி வலிக்கிற ஒன்றுக்கு அவன் உடம்பு நன்றி சொல்வதை அவனே வெட்கத்தோடு கவனித்தான். அடுத்து திரைக்கு அந்தப் பக்கம் ருக்குமணிக்குப் போட்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள், உட்கார முடியவில்லை. டீயும் இரண்டு பன்னும் வாங்கி வந்து ஒன்றை அவளிடம் நீட்டினான். வாங்கிக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தான், பசித்திருக்கிறது போல, வாங்கிக்கொண்டாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து வலது கடைவாயால் பன்னைக் கடித்தாள். இத்தனை நாளாக அவள் அப்படித்தான் தின்கிறாள். ஒரே வீட்டில் இருந்தும் அவன் அதை அன்றைக்குத்தான் பார்த்தான். நீல வட்டம் மூன்று குளியலில் அழிந்தது. கிருமி ரத்தத்தை விட்டுப் போயிற்று. ருக்குமணிக்கு மேல்வரிசையில் இடதுபக்கம் ஒரு பல் கடைசிவரை இல்லை.